இடிப்பதற்கு முன் அந்த வைத்தியசாலையைத் திறந்து பாருங்கள்

கொழும்பு நகர எல்லைக்குள் மூடிக் கிடக்கும் ஒரு பழைய வைத்தியசாலைக் கட்டடத்தை இடித்து அகற்றும் பொறுப்பை ஏற்றிருக்கும் அதிகாரிகளுக்கும், அந்தக் காணியின் பொறுப்பாளர் சபையினருக்கும்,

மதிப்பிற்குரியவர்களே,

வளவைச் சுற்றித் தகர வேலி அடித்து இயந்திரங்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன்னர் உங்களிடம் ஒரு கோரிக்கையை முன்வைப்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். நான் எக்ஸ்ரேப் பிரிவுகளில் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். என் சேவைக்காலத்தின் ஒரு பகுதி நீங்கள் இடிக்கவிருக்கும் கட்டடத்திலேயே கழிந்தது. அண்மையில், கட்டடத்தின் அளவுகளை எடுக்கச் சென்ற பொறியியலாளர் ஒருவருக்கு வழிகாட்டுவதற்காக, எழுத்துமூல அனுமதியுடன் உள்ளே சென்று, நிலத்தளத்திலிருந்து மேல்மாடி வரை ஒவ்வோர் அறையாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றை எனக்குள் வைத்துக்கொண்டிருப்பது நான் பார்த்த தொழிலுக்கும், அந்த வாட்டுகளில் படுத்திருந்த மனிதர்களுக்கும் செய்யும் துரோகமாகும்.

கட்டடத்தை இடிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. மேல்மாடியின் கொங்கிறீட் தட்டில் கம்பிகள் துருவேறி வெளியே தெரிகின்றன. மழைநீர் பல வருடங்களாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அதைத் திருத்தி எடுப்பது இயலாது என்று அந்தப் பொறியியலாளர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நான் கேட்பது, உள்ளே இருக்கும் ஆவணங்களும் ஆபத்தான பொருட்களும் அதற்குத் தகுதியுள்ளவர்களின் கையால் வெளியே எடுக்கப்பட்டு, கட்டடமும் முறையாக அளந்து படமெடுத்துப் பதிவுசெய்யப்பட்ட பின்னரே அது ஒப்பந்தக்காரரிடம் கையளிக்கப்பட வேண்டும் என்பதே. நம் ஊரில் பழைய கட்டடம் உடைப்பவர்கள் எப்படி விலை பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே கிடக்கும் மரம், இரும்பு, ஓடு, கதவு, யன்னல், தளபாடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, அவற்றை விற்றுவரும் பணத்தை மனதில் வைத்தே கூலியைக் குறைப்பார்கள். ஒரு வீட்டை உடைப்பதற்கு இந்த முறை பொருந்தலாம். வைத்தியசாலை ஒன்றை இப்படி ஒப்படைத்தால், நோயாளியின் கோவையும், பாதரசமும், ஈயத் தகடும், எக்ஸ்ரே படமும் "உள்ளே கிடக்கும் பழைய சாமான்" என்ற ஒரே கணக்கில் அடங்கிவிடும். வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளியின் கையிலே கூட, என்ன நோய், என்ன செய்தோம், இனி என்ன கவனம் வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். இந்தக் கட்டடத்துக்கு அப்படி ஓர் அட்டைகூட எழுதப்படவில்லை.

வைத்தியசாலையின் பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. பெயரை எழுதினால், பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் அலைபவர்கள் அன்றிரவே மதில் ஏறுவார்கள். எந்தக் கட்டடம் என்பது இந்த மடலைப் பெறும் உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதலில் பதிவேட்டு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலத்தளத்தில், பழைய வெளிநோயாளர் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில் இரும்பு றாக்கைகள் இரண்டு சரிந்து விழுந்து, அவற்றில் இருந்த கோவைகள் தரை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் மீது மிதித்துத்தான் உள்ளே போக முடிந்தது. பீ.எச்.ரி. என்று நாங்கள் எல்லோரும் அழைக்கும் கட்டில் தலைமாட்டுச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிட்ட படிவங்கள் என்று எல்லாமே பெயர், வயது, விலாசத்துடன் கிடக்கின்றன. தற்கொலைக்கு முயன்று கொண்டுவரப்பட்டவர், கருச்சிதைவுக்குப் பின் அனுமதிக்கப்பட்டவர், பாலியல் நோய்க்கு மருந்து எடுத்தவர், மனம் பேதலித்த நிலையில் இரவில் கொண்டுவந்து விடப்பட்டவர், இவர்கள் எல்லோரும் தம் வீட்டாருக்கும் சொல்லாத விடயங்களை ஒரு வைத்தியரை நம்பிச் சொன்னார்கள். அவர்களில் பலர் இன்றும் இதே நகரத்தில் வாழ்கிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நாடு இயற்றியிருக்கும் காலத்தில், இந்தத் தாள்கள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போய், காலிமுகத்திடலில் கடலைச் சுருளாகவோ தெருவோரக் கடையில் வடை சுற்றும் தாளாகவோ யாரோ ஒருவரின் கைக்கு வருவதை நீங்கள் அனுமதிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பரீட்சைத் தாள்களும் அலுவலகப் படிவங்களும் அப்படி வருவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அந்த அறையின் உட்சுவரோடு ஒட்டியிருந்த மர அலுமாரியில் பிரசவ வாட்டின் பதிவேடுகள் இருந்தன. துணி முதுகு போட்ட, தடித்த, அகலமான கொப்பிகள். கீழ்த்தட்டில் இருந்தவற்றைக் கறையான் தின்றுவிட்டது. மேல்தட்டுகளில் இருந்தவை, ஓரங்களில் பூச்சி அரித்திருந்தாலும், இன்னும் படிக்கக்கூடிய நிலையில் உள்ளன. ஒன்றைக் கவனமாக எடுத்து யன்னலடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். தாயின் பெயர், கணவரின் பெயர், விலாசம், எத்தனையாவது பிள்ளை, பிறந்த நேரம், ஆணா பெண்ணா, எடை, பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் ஒப்பம் என்று பக்கத்துக்குக் குறுக்காகக் கோடிட்ட பத்திகள். எடை முதலில் இறாத்தலிலும் அவுன்சிலும் எழுதப்பட்டு, பிந்திய கொப்பிகளில் கிலோகிராமுக்கு மாறுகிறது. விலாசப் பத்தியில் கொட்டாஞ்சேனை, வத்தளை, வெள்ளவத்தை, கொம்பனித்தெரு, மருதானை என்று கொழும்பினதும் அதன் அயலினதும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நடுவே திடீரென்று ஒரு தோட்டத்தின் பெயரும் "மேற்பிரிவு" என்ற குறிப்பும் வரும். சிக்கலான பிரசவம் என்று மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தாய் ஒருத்தியோ, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தியோ அந்த வரிக்கு உரியவளாக இருக்கலாம்.

இந்தக் கொப்பிகளின் பெறுமதியை மற்றவர்களைவிடத் தமிழ் வாசகர்கள் விளக்கமின்றியே உணர்வார்கள். பிறப்பு ஒன்றை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்துக்குள் பதியாமல் விடப்பட்டவர்கள், பதிந்தும் அத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், பதிவில் பெயரோ திகதியோ பிழையாக விழுந்தவர்கள் எல்லோரும் பின்னர் ஏதாவது ஒரு சான்றைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம்தான், 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் வழி பிறந்தது. இந்த நெடிய காலம் முழுவதும், "நான் இங்கேதான் பிறந்தேன்" என்று சொன்னவனிடம் கேட்கப்பட்டது ஒரு தாள்தான். 1983 யூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது எரிந்தவற்றுள் அந்தத் தாள்களும் இருந்தன. உயிரோடு தப்பி முகாமுக்குப் போனவர்கள் பிறகு தம் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதற்கும், கடவுச்சீட்டு எடுப்பதற்கும், காணி உறுதியில் பெயர் மாற்றுவதற்கும் எத்தனை வாசற்படிகளில் நின்றார்கள் என்பது எங்கள் குடும்பங்களில் இன்றும் பேசப்படும் கதை. பிரசவ வாட்டின் ஒரு வரி பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது என்பதை நான் அறிவேன். ஆனால் வேறெந்தச் சான்றும் மிஞ்சாதவருக்கு, பிறந்த நேரத்தையும் மருத்துவிச்சியின் ஒப்பத்தையும் தாங்கிய அந்த வரி மிகப் பெரிய துணையாக இருக்க முடியும். அதைக் கறையானுக்கும் ஜேசிபிக்கும் கொடுத்துவிட்டால், அதற்கு மாற்றாக எந்த அலுவலகமும் எதையும் எழுதித் தர முடியாது.

வரலாற்றுக்கும் இவை வேண்டும். 1914 இல் கொழும்புத் துறைமுகத்தின் வழியாகப் பிளேக் நோய் நகருக்குள் வந்தபோதும், 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றபோதும் என்ன நடந்தது என்பதை இன்று ஆராய்பவர்கள் சார்ந்திருப்பது யாரோ ஒரு எழுதுவினைஞர் அன்றன்று எழுதிவைத்த பதிவேடுகளையே. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. எங்கள் அலுமாரியில் இருக்கும் அனுமதிப் பதிவேடுகளில் அந்த நோயின் பெயர் வருடா வருடம் குறைந்து வருவதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய சுவடிகள் திணைக்களம் இதே நகரத்தில், கொழும்பு 7 இல் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு அலுவலர்களை அழைத்து, எவற்றை நிரந்தரமாக வைப்பது, எவற்றை இரகசியம் காத்து அழிப்பது என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்த பின் அழிக்க வேண்டியவற்றைச் சாட்சியாளர் முன்னிலையில் துண்டாக்கி அழித்து, அழித்ததற்குக் குறிப்பும் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, நான் நன்கறிந்த இடமாகிய எக்ஸ்ரேப் பிரிவு. படங்கள் வைக்கும் அறையின் கதவைத் திறந்தவுடன் வினாகிரி நெடி மூக்கில் ஏறியது. பழைய எக்ஸ்ரே படங்களின் அடித்தாள் செலுலோஸ் அசற்றேற்றால் ஆனது. கொழும்பின் வெப்பத்திலும் ஈரத்திலும் நீண்ட காலம் கிடந்தால் அது சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். ஒரு படம் சிதையத் தொடங்கினால் அதன் ஆவி பக்கத்துப் படங்களையும் சிதைக்கும். உறையிலிருந்து ஒன்றை உருவினேன். தாள் அலையலையாக நெளிந்து, மேற்பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. நெஞ்சுக்கூட்டின் வலப்பக்கம் மட்டும் தெளிவாக இருந்தது, மேல்நுனியில் காசநோயின் தழும்பு தெரிந்தது. உறையின் மேலே என்னுடன் வேலை செய்த ஒருவரின் கையெழுத்தில் நோயாளியின் பெயரும் வாட்டு இலக்கமும் இருந்தன. இந்தப் படங்களில் வெள்ளி இருப்பதால் அவற்றை வாங்குவதற்கு ஆட்கள் உண்டு. வாங்குபவர் அதை எங்காவது ஒரு கொல்லையில் எரித்தோ அமிலத்தில் ஊறவைத்தோ வெள்ளியைப் பிரிப்பார். புகையையும் கழிவையும் அயலவர்கள் ஏற்க வேண்டும். இதைவிடப் பழைய, நைற்றிறேற் அடித்தாளில் செய்த படங்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. 1929 மே 15 ஆம் திகதி அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஒரு மருத்துவ நிலையத்தில் அத்தகைய எக்ஸ்ரே படங்கள் தீப்பற்றி, அதன் நச்சுப் புகையால் 120 இற்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே உலகம் அவற்றைக் கைவிட்டது. எங்கள் கட்டடத்தில் அந்த வகை இல்லை என்று படங்களைத் தொட்டுப் பார்த்த அளவில் சொல்வேன். எனினும் அலுமாரிகள் முழுவதையும் அறிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே இயந்திரம் பற்றிப் பொதுமக்களிடையே தேவையற்ற அச்சம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து எந்தக் கதிரும் வராது. அதைத் தொட்டாலும் பிரித்தாலும் கதிர்வீச்சு என்ற ஆபத்து இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பழைய இயந்திரத்தின் உயர் அழுத்த மின்மாற்றித் தொட்டி எண்ணெயால் நிரம்பியது, அக்காலத்து மின்மாற்றி எண்ணெய்களில் பீ.சீ.பி. என்னும் நச்சு இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அதைக் கொண்ட கழிவுகளை 2028 இற்குள் முறையாக ஒழிக்க வேண்டும் என்று கூறும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் இலங்கையும் ஒரு தரப்பு. செம்புக் கம்பிக்காகத் தொட்டியை உடைப்பவர் எண்ணெயைக் கானுக்குள் ஊற்றிவிடுவார். கொழும்பின் கான்கள் போய்ச் சேருமிடம் உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறையின் கதவில் ஈயத் தகடு பதித்திருக்கிறது. நான் போனபோது கதவின் கீழ்ப்பாதியில் ஒட்டுப்பலகை பிளக்கப்பட்டு, தகடு மடித்து இழுக்கப்பட்டிருந்தது. ஆகவே யாரோ ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள். அந்த ஈயம் ஏதாவதொரு முடுக்கில் அடுப்பு வைத்து உருக்கப்பட்டால், அங்கே விளையாடும் பிள்ளைகளின் இரத்தத்தில் அது சேரும்.

கதிர்வீச்சு மூலங்களைப் பற்றி அலட்சியம் கூடாது என்பதற்கு, பிரேசிலின் கோயானியா நகரில் நடந்ததை அதிகாரிகள் எல்லோரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் 1985 இல் வேறிடத்துக்கு மாறிப்போனது. சீசியம்-137 அடங்கிய சிகிச்சைக் கருவி ஒன்று பாதி இடிந்த கட்டடத்திலேயே விடப்பட்டது. 1987 செப்டெம்பரில் பழைய இரும்பு பொறுக்கும் இருவர் அதைக் கழற்றி எடுத்துச் சென்று விற்றார்கள். வாங்கியவர் அதன் உள்ளே இருளில் நீலமாக ஒளிரும் பொடியைக் கண்டு வியந்து, வீட்டாருக்கும் அயலாருக்கும் பகிர்ந்து கொடுத்தார். 4 பேர் இறந்தார்கள், அவர்களுள் ஆறு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 249 பேரின் உடலில் மாசு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் விளையாட்டரங்கில் வரிசையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டார்கள். வீடுகள் இடித்து அப்புறப்படுத்தப்பட்டன. யாரும் அங்கே கெட்ட எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. கைவிடப்பட்ட ஒரு வைத்திய நிலையத்துக்குள் என்ன இருக்கிறது என்று பொறுப்பானவர்கள் கடைசிவரை போய்ப் பார்க்காமல் விட்டதே அத்தனைக்கும் காரணம். எங்கள் வைத்தியசாலையில் அத்தகைய பெரிய கருவி எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் எக்ஸ்ரேப் பிரிவுக்கு அப்பால், பெண்நோயியல் பிரிவின் பழைய களஞ்சியத்தில் திறக்கப்படாத இரும்புப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. கருப்பைப் புற்றுநோய்க்கு ரேடியம் ஊசிகளைப் பயன்படுத்தும் வழக்கம் உலகெங்கும் வைத்தியசாலைகளில் இருந்த காலம் ஒன்றுண்டு. ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 வருடங்கள். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் அளவுமானிகளும் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டகம் வெறுமையானதாகவே இருக்கலாம். அளந்து பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

பாதரசம் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்டுகளின் அலுமாரிகளில் பழைய இரத்த அழுத்தமானிகள் பல இருக்கின்றன. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்றில் ஏறக்குறைய 1 கிராம் பாதரசம்தான் இருக்கும். இந்த அழுத்தமானி ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். ஒன்றின் கண்ணாடிக் குழாய் உடைந்து, அலுமாரியின் அடித்தட்டு இடுக்கில் சிறு சிறு மணிகளாகப் பாதரசம் ஓடிக் கிடந்தது. உடைப்பு வேலைக்கு வரும் கூலியாட்கள் செருப்புக் காலோடும் வெறுங்கையோடும் அதைத்தான் தூக்குவார்கள்.

பின்புறக் கட்டடங்களின் கூரை அஸ்பெஸ்டொஸ் தகடு. எல்லா வகை அஸ்பெஸ்டொசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தகடு முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சம்மட்டியால் அடித்து நொறுக்கும்போதுதான் நார்கள் காற்றில் கலக்கும். நனைத்து, ஆணி கழற்றி, உடையாமல் இறக்கி, உறையிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அத்தோடு, பழைய கட்டடத்தின் தூசியில் வரும் பூஞ்சை வித்துகள் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும் என்பது வைத்தியசாலை வளவுகளில் கட்டட வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. வேலிக்கு அப்பால் இன்னும் நோயாளர்கள் வந்துபோகும் சிகிச்சை நிலையம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனிக் கட்டடத்தைப் பற்றி. கொழும்பு ஆஸ்பத்திரிகளால் வளர்ந்த நகரம். 1864 இல் பொது வைத்தியசாலை, 1870 இல் மருத்துவப் பாடசாலை, 1879 இல் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை, 1906 இல் எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்த விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை என்று பொரளைக்கும் மருதானைக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் அந்தக் கதைதான். பேருந்து நடத்துநர்கள் இன்றும் "கண்ணாஸ்பத்திரிச் சந்தி" என்றுதான் கூவுகிறார்கள். கோட்டையில் 1681 இற்கு முன்னரே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலை, பொலிஸ் நிலையமாக இருந்து, 1996 இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்து, 2011 இல் திருத்தப்பட்டு இன்று கடைகளும் உணவகங்களுமாகத் திறந்திருக்கிறது. சுதந்திர சதுக்கத்துக்கு அருகே முன்னர் மனநோயாளர் விடுதியாக இருந்த ஜாவத்தைக் கட்டடமும் 2014 இல் அவ்வாறே புதுப்பிக்கப்பட்டது. எங்கள் கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றுக்கும், அதன் பின் நூறு வருடம் கடந்து வர்த்தமானியில் அறிவிக்கப்படுபவற்றுக்குமே காவல். நூறு வயது நிரம்பாத கட்டடம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வராது.

பட்டியலில் வராவிட்டாலும் அதில் கற்பதற்கு நிறைய உண்டு. பொது வாட்டு நீளமானது. இரு பக்கமும் எதிரெதிராக யன்னல்கள், மேலே காற்றுப் போகும் கிராதிகள், இருபுறமும் வெயிலை உள்ளே விடாத அகன்ற விறாந்தைகள். மின்விசிறி ஒன்றுகூட இல்லாத நிலையில், பங்குனி வெயிலின் நண்பகலில் நாங்கள் அந்த வாட்டின் நடுவில் நின்றபோது காற்று ஒரு யன்னலால் நுழைந்து மறு யன்னலால் போய்க்கொண்டிருந்தது. சுவரும் தரையும் சந்திக்கும் இடத்தில் மூலையே இல்லை. தூசியும் அழுக்கும் தங்கக்கூடாது என்பதற்காகச் சீமெந்தை வளைவாக இழைத்திருக்கிறார்கள். சிவப்புச் சீமெந்துத் தரை இன்றும் கையால் துடைத்தால் பளபளக்கிறது. கட்டில்கள் தள்ளிச் செல்லும் பாதையின் திருப்பத்தில், சுவரின் விளிம்பு இடுப்புயரத்தில் மழுங்கித் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு கட்டில்கள் அந்தத் திருப்பத்தில் உரசியிருக்கின்றன. இன்று முழுவதும் குளிரூட்டியை நம்பி வைத்தியசாலை கட்டுபவர்களுக்கு, மின்வெட்டு நேரத்தில் ஒரு வாட்டு எப்படி மூச்சுவிடும் என்பதை இந்தக் கட்டடம் காட்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு வாரம் கொடுத்தால், அளந்து வரைந்து படமெடுத்துத் தருவார்கள். கூரையின் தேக்குத் தீராந்திகளும் முதிரைக் கதவு நிலைகளும் எண் இட்டு இறக்கப்பட்டால் இன்னும் பல தலைமுறைக்குப் பயன்படும். இயந்திரத்தால் இழுத்து விழுத்தினால் விறகுதான் மிஞ்சும்.

இரவில் மதில் ஏறிக் குதித்து, கைபேசியில் படம்பிடிக்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் காவலாளி என்னிடம் முறையிட்டார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பல கட்டடங்களின் கடைசிப் படங்கள் அவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. ஆனால் உக்கிய பலகைத் தரையும் மூடியில்லாத மின்தூக்கிக் குழியும் இருளில் ஓர் உயிரை எடுத்துவிடும். பேய் வீடு என்று காட்டிப் பார்வையாளரைச் சேர்க்கும் படங்களும் எனக்கு வேதனை தருகின்றன. பிணவறை என்று அவர்கள் காட்டும் அறை உண்மையில் துணி வெளுக்கும் அறை. அவர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, பாதுகாப்பான நிலத்தளத்தையும் முன் விறாந்தையையும் பகலில், வழிகாட்டியுடன், தலைக்கவசம் கொடுத்து ஒரு சனி, ஞாயிறில் திறந்துவிடுங்கள். அங்கே பிள்ளை பெற்றவர்களும், பிறந்தவர்களும், உறவினரை இழந்தவர்களும், வேலை செய்தவர்களும் வருவார்கள். அவர்கள் சொல்வதை யாராவது மூன்று மொழியிலும் ஒலிப்பதிவு செய்யட்டும். எந்த வாட்டு எப்போது எதற்காகப் பயன்பட்டது என்ற விபரம் இன்று எந்த வரைபடத்திலும் இல்லை, ஓய்வுபெற்ற தாதிமாரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பணமும் காலமும் தேவை என்று சொல்வீர்கள். காலம் சில வாரங்கள். பணத்தைப் பொறுத்தவரை, அபாயகரமான கழிவுகளை அகற்றும் செலவை ஒப்பந்தத்துக்கான கேள்விப்பத்திரத்திலேயே தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அதைக் கூலியாட்களும் அயலவர்களும் தம் உடம்பால் செலுத்துவார்கள். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் ஆலோசனையை ஒப்பந்தம் கைச்சாத்திடுவதற்கு முன்னர் பெறுங்கள். இடிபாடுகள் எங்கே கொட்டப்படும் என்பதையும் அறிவியுங்கள். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் புதைந்துபோனது இந்த நகரத்தின் ஓரத்தில்தான். இடிப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பார்வையிட 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்றையும் தனியாகச் சமர்ப்பிக்கிறேன். அதற்கு முன்பாகவே நீங்கள் அவற்றை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இந்த மடலில் உள்ள ஒவ்வொன்றையும் ஆராய்ந்து முடிவெடுக்க உங்களுக்கு நாட்கள் வேண்டும். பதிவேட்டு அறைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் பெட்டகம் இருக்கும் களஞ்சியத்துக்கும் பூட்டுப் போடுவதற்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை; தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள். பதிவேடுகளைப் பிரிக்கும் வேலைக்கு, அந்த எழுத்துகளையும் சுருக்கக் குறிகளையும் வாசிக்கத் தெரிந்த பழைய ஊழியர்கள் சிலர் ஊதியமின்றி வருவதற்குத் தயாராக இருக்கிறார்கள். எங்களைத் தொடர்புகொள்ளும் விபரம் உங்கள் பொறியியலாளரிடம் இருக்கிறது. எங்களில் சிலரால் படியேற முடியாது என்பதால், வேலையை நிலத்தளத்தில் ஒழுங்குசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
எக்ஸ்ரேப் பிரிவில் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்,
கொழும்பு